ஊமைப்படம் ஓடிய வியாழக்கிழமைகள்

ஓடக்கரையில் முதன்முதலாகச் சத்தம் நின்றது ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. ஆற்று மேட்டிலிருந்து சந்தைப்பேட்டை வரைக்கும் நாலாயிரத்துச் சொச்சம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, நூல் ஏந்திய நாடாக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டுதான் இருந்தன, துணி அங்குலம் அங்குலமாக இறங்கிச் சுருண்டுகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. தறிக்காரர்கள் தங்களுக்குக் காது போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் காது போவது முடி நரைக்கிற மாதிரிதான் என்பதால் யாரும் பதறவில்லை. அவரவர் தனக்கு மட்டும்தான் போயிருக்கிறது என்று எண்ணி, பக்கத்துத் தறிக்காரனிடம் காட்டிக்கொள்ளாமல், அறுந்த இழையை முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். இடையிடையே வந்து வந்து போன சத்தம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, போன காது வந்துவிட்டதென்று மாரியம்மனை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த எழுபது நிமிடமும் நகராட்சி அருங்காட்சியகத்தில் அமராவதி ஊமைப்படம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னறையில் ஒரு குழித்தறி, ஆற்று மணலில் கிடைத்த இரண்டு தாழிகள், முகம் தேய்ந்த ஒரு நடுகல். பின்னறையில் அமராவதியும் அவளுடைய மேசையும். நாற்பத்தாறு வயதான, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட அவளை ஊரே மியூசியத்தக்கா என்றுதான் கூப்பிட்டது. பஞ்சாலை முதலாளி ஒருவரின் பாழடைந்த பங்களாவை இடித்தபோது பரணிலிருந்து ஆறு தகரப் பெட்டிகளும் கையால் சுற்றி ஓட்டுகிற ஒரு படக்கருவியும் இறங்கின. பழைய இரும்புக்காரனிடம் போகவிருந்ததை அவள் வழிமறித்து வாங்கி வந்தாள். பெட்டிகளுக்குள் இருந்தது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய படம். அந்தக் காலத்துப் படச்சுருள் வைத்திருக்க வைத்திருக்கக் கெட்டுக்கொண்டே போகும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் தேன்போல் வடியும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். நெருப்புப் பட்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இரண்டு வருஷம் அவள் பருத்தித் துணியால் ஒவ்வொரு முழமாகத் துடைத்தாள், கிழிந்த ஓரங்களுக்கு ஒட்டுப் போட்டாள், மணல் வாளிகளை நாலு மூலையிலும் வைத்துக்கொண்டு, காற்றாடி இல்லாத அறையில் வேர்வை சுருளின்மேல் சொட்டிவிடாதபடி நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைதோறும் மகளிர் சங்கத்தார் முன்னறையில் கூட்டம் முடித்து நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள் என்பதால் படத்தை வியாழக்கிழமை காட்டுவதென்று முடிவு செய்தாள். அதைத் தவிர அந்தக் கிழமைக்கு வேறு காரணம் கிடையாது.

படத்தின் தலைப்பும் எழுத்து அட்டைகளும் தொலைந்துபோயிருந்தன. ஓடக்காரன் மகள் ஒருத்தியின் கதை அது. அதை எடுத்தது இதே ஓடக்கரையில், இதே ஆற்றில். பரிசலில் ஏறுகிற கூட்டம், கரையில் நிற்கிற கூட்டம், நெசவுக்குப் பாவு நூல் நீட்டுகிற கூட்டம் எல்லாம் அந்தக் காலத்து ஓடக்கரைக்காரர்கள்தான். அவர்கள் வாயெல்லாம் அசைந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்ட அமராவதிக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடமும் ஊருக்குச் சத்தம் வந்துவிட்டுப் போனது. அருங்காட்சியகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் ஜன்னல் வழியே இதைக் கவனித்துவிட்டு, கையில் வடை கரண்டியோடு வந்து, சுற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிச் சாடை காட்டினார். நிறுத்தினாள், நாலாயிரம் தறியும் ஒன்றாக அலறின. சுற்றச் சொன்னார். சுற்றினாள், அடங்கின. "செரி, ஆவட்டும்" என்று அடுத்த சுருள் மாற்றும்போது சொல்லிவிட்டு அவர் போய்ச் சட்டியிலிருந்த வடையைத் திருப்பிப் போட்டார். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு ஊர் ஒரு வாரத்துக்குள் ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தது: பெரியவங்க பேசறாங்க, நாம வாய மூடிக்கிட்டு இருக்கறோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மூன்று மணி என்பது ஓடக்கரைக்கு ஆற்றில் தண்ணீர் வருகிற நாள் மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து தூங்காமல் வீறிட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் அந்த நேரத்தில் தூங்கின; ராத்திரி ஷிப்ட் முடித்துவந்து தறிச் சத்தத்தில் கண்ணை மட்டும் மூடிக்கிடந்த ஆட்கள் அந்த எழுபது நிமிடத்தில் ஒரு வாரத் தூக்கத்தைத் தூங்கினார்கள்; புற்றுநோயில் கிடந்த ஸ்டோர் சண்முகத்தின் அம்மா, வலி அதுவேதான், ஆனால் சத்தமில்லாத வலி பாதி வலி என்று எழுதிக் காட்டினாள்; பேருந்துகள் ஹாரன் அடித்தால் கேட்காது என்பதால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்று நாலு பத்துக்குத்தான் ஊருக்குள் வந்தன; பொதுத்தேர்வுக் கணக்குப் பரீட்சையை அந்த நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று பள்ளிக்கூடத்திலிருந்து மனுப் போட்டார்கள்; நிச்சயதார்த்தங்களை வியாழக்கிழமை மூன்று மணிக்கு வைத்துக்கொண்டால் சம்பந்தி வீட்டாரோடு வாய்ச்சண்டை வராது என்று ஜோசியர்களே நாள் குறித்துக் கொடுத்தார்கள். பேச்சு நின்றதா என்றால் அதுவும் இல்லை. தறிக்கூடத்துக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காதென்பதால் அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே வாயசைவைப் படிக்கப் பழகியிருந்தார்கள். எதிரே முகம் இருந்தால் போதும். முதுகு காட்டி நிற்கிறவனுக்குத்தான் எதுவும் சொல்ல முடியாது.

நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. படம் கெட்டுப்போனால் அமைதியும் போய்விடும் என்று யாரோ மன்றத்தில் எழுந்து சொன்னார்கள். மூன்றாம் சுருள் பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது என்று அமராவதி ஏழு தடவை எழுதியிருந்த கடிதங்கள் தூசி தட்டி எடுக்கப்பட்டன. பின்னறையைக் குளிர் அறையாக்குவதென்று தீர்மானம் ஒரே குரலில் நிறைவேறியது. அமராவதி அன்று சாயங்காலம் ஆறு பெட்டிகளையும் தடவிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் கேட்டு ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில்தான் பெண்கள் பேச்சில் ஒரு சொல் புழங்கத் தொடங்கியது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி, "அவளுக்கும் வியாழக்கெழம இருக்குதாம்" என்றாள். கேட்டவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏதோ விரதம் என்று அமராவதி நினைத்துக்கொண்டாள்.

குளிர் அறைக்குச் சுவரை உடைத்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை செய்யும் நாகமணி அருங்காட்சியகத்துக்கு வந்தாள். முப்பது முப்பத்தொரு வயது, தலையில் பஞ்சுத் தூசி. தறி மேஸ்திரி குழந்தைவேலுவின் மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளுக்குத் தாய். நடுகல்லைக் கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, இந்தப் படத்த ஓட்டாதீங்க."

"ஏம் புள்ள?"

நாகமணி ரவிக்கைக் கையைத் தோள்வரை ஏற்றிக் காட்டினாள். அமராவதி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"மத்த நாள்ல கை ஓங்குனாலே நான் கத்திப்போடுவேனுங்க. எதுத்த வீட்டுப் பேபியக்கா ஓடியாந்து கதவத் தட்டும், அவரு விட்டுருவாரு. வியாழக்கெழம கத்துனா ஆருக்குங்க கேக்கும்? அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வாரம் பூராச் சேத்துவெச்சு அன்னைக்குத்தான் வராரு. மூணு மணிக்குக் கூடத்துல இருந்து வீட்டுக்கு வந்து கதவச் சாத்தறாரு."

"உனக்கு மட்டுந்தானா?"

"எனக்கு மட்டும்னா உங்களத் தேடி எதுக்குங்க வரேன்? எங்க லைன் வீட்டு வரிசையில நாலு பேத்துக்கு இருக்குது வியாழக்கெழம."

பின்னறையில் சுத்தியல் அடி விழுந்துகொண்டிருந்தது. சுவரில் எந்திரம் மாட்டுவதற்கான ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. மூன்றாம் சுருளின் ஓரம் தேன் நிறத்துக்கு வந்திருந்ததை அன்று காலையில்தான் அவள் பார்த்திருந்தாள். இப்போது படத்தை நிறுத்தினால் சுத்தியலும் நின்றுவிடும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"ஒரு மாசம் பொறுத்துக்க நாகமணி" என்றாள் அமராவதி. "மிஷின் மாட்டி முடியட்டும். நான் முனிசிபல் கமிஷனர்கிட்டப் பேசறேன். அதுவரைக்கும் வியாழக்கெழம ஆனா நீ இங்க வந்து உக்காந்துக்க. இங்க நாலு சனம் இருக்கும்."

நாகமணி அவளையே பார்த்தாள். அப்புறம், "செரிங்கக்கா" என்று ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள்.

சொன்னபடியே வந்தாள். தலைவலி என்று தறிக்கூடத்தில் பொய் சொல்லிவிட்டு, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்து, கருவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டாவது வாரமே படத்தில் இருந்தவர்களின் வாயைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பரிசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் நாயகியைப் பார்த்து ஏதோ உருக்கமாகச் சொல்வாளே, அது என்ன தெரியுமா என்று சுருள் மாற்றும் இடைவெளியில் அமராவதியின் காதில் கத்தினாள்: "அடுப்புல சோறு கொதிக்குது, இவுங்க எப்ப உடுவாங்கன்னு கேக்குதுங்க அந்தம்மா!" அமராவதி சிரித்தேவிட்டாள். அன்றிலிருந்து நாகமணி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் வெயிலில் நிறுத்திவைக்கப்பட்ட சனம், கால் சுடுகிறது என்றும், தண்ணீர் கொடுங்கள் என்றும், பிள்ளை அழுகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பது வியாழக்கிழமை இப்படிப் போனது. எந்திரம் மாட்டி முடித்து, அறை குளிர்ந்து, மூன்றாம் சுருளின் பிசுபிசுப்பு நின்றது. அமராவதி கமிஷனரிடம் பேசவில்லை. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள், அந்த அடுத்த வாரமும் அப்படியே இருந்தாள். நாகமணிதான் இங்கே வந்துவிடுகிறாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்ற மூன்று பேர் யாரென்று அவள் கேட்கவேயில்லை.

பத்தாவது வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது. அமராவதி வாசலைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சத்தம் திரும்பியது. திரும்பிய பிறகுதான் குழந்தைவேலு வீதிக்கு ஓடிவந்து, தண்ணீர்த் தொட்டிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கத்தினான்.

வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு அந்த உடம்பைப் பார்த்ததும் அது படியில் விழுந்த உடம்பு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் வீடுவீடாகப் போய்க் கேட்டபோது, இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுங் கேக்கலீங்க." அவர் வாழ்நாளில் விசாரித்த வழக்குகளிலேயே சாட்சிகள் அத்தனை பேரும் உண்மை சொன்ன ஒரே வழக்கு அதுதான். எதிர்வீட்டுப் பேபியிடம், "சரி, கேட்கலை. எதையாவது பாத்தீங்களா?" என்று கேட்டார். ஐம்பது வயதான பேபி, புருஷன் செத்தபின் இட்லிக்கடை வைத்துப் பிழைப்பவள். கையில் மாவோடு நின்று, இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அமராவதி தானாகவே காவல் நிலையத்துக்குப் போனாள். "அவ எங்கிட்டச் சொன்னாளுங்க. தெரிஞ்சேதான் ஓட்டுனேன்" என்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்த பார்வையில், அவளும் அந்த வழக்கில் சேர்ந்தவள்தான் என்பது இருந்தது. அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

இரண்டு வியாழக்கிழமை படம் ஓடவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஊர் திரண்டு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அமராவதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். தூக்கம் கெட்டுக் கண் சிவந்த ஆட்கள் வந்திருந்தார்கள். இடுப்பில் வீறிடும் பிள்ளைகளோடு தாய்மார்கள் வந்திருந்தார்கள். ஸ்டோர் சண்முகம் கையைக் கூப்பிக்கொண்டு, "எங்கம்மா இன்னும் ஒரு மாசந்தானுங்கக்கா. அதுவரைக்கும் ஓட்டுங்க" என்று அழுதான். தறி முதலாளிகள் சங்கத் தலைவர் பொங்கியண்ணன் எல்லோருக்கும் பின்னால் படிக்கட்டில் ஏறி நின்று, இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"ஏனுங்கம்மா, ஒருத்தன் பண்ணுன தப்புக்கு ஊரே தண்டன அனுபவிக்கோணுமா? அவனத்தான் புடிச்சு உள்ள வெச்சாச்சல்ல!"

"ஒருத்தன் இல்லீங்க" என்றாள் அமராவதி.

"வேற ஆருன்னு சொல்லுங்க. பேரச் சொல்லுங்க."

அமராவதிக்குப் பெயர் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் முன்வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, "உங்கள்ல எத்தன பேத்துக்கு வியாழக்கெழம இருந்துது?" என்று கேட்டாள்.

பெண்கள் இடுப்பிலிருந்த பிள்ளைகளை மாற்றிப் பிடித்தார்கள். ஆண்கள் பின்னாலிருந்து, "பாத்தீங்களா, ஆருமில்ல" என்றார்கள். அப்போது முதல் வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், குரல் விடாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். எனக்கு. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் அசைத்தாள். எனக்கு. முதுகுக்குப் பின்னால் நின்ற ஆண்களுக்கு எதுவும் தெரியவில்லை. அமராவதி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனாள். பதினோரு பேர். படத்தை நிறுத்தாதே என்று கெஞ்ச வந்தவர்களிலேயே பதினோரு பேர். பிள்ளை தூங்க வேண்டும் என்று கேட்க வந்தவளும் அவர்களில் ஒருத்தி.

மறுநாள் அமராவதி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. ஆறு பெட்டிகளையும் ஐஸ் கட்டி வைத்த மரப்பெட்டிக்குள் அடுக்கி, வடக்கே படங்களைப் பாதுகாக்கிற ஒரு பெரிய காப்பகத்துக்கு, தானே ரயிலேறிப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தாள். எரித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. வெயிலில் நின்று தண்ணீர் கேட்ட அந்த முகங்களை எரிக்க அவளுக்குக் கை வரவில்லை. கூடவே நாகமணி வாசித்துச் சொன்ன நோட்டையும் வைத்து, இந்தப் படத்தைத் தயவுசெய்து ஓட்ட வேண்டாம், ஓட்டினால் எங்கள் ஊரில் யாராவது சாவார்கள் என்று ஒரு கடிதமும் எழுதி வைத்தாள். படத்துக்கு நன்றி தெரிவித்து அவர்கள் பதில் போட்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அரசாங்கச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனதாக அவள்மேல் விசாரணை வைத்து, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அருங்காட்சியகம் பிளீச்சிங் பவுடர் மூட்டை போடுகிற இடமானது. ஸ்டோர் சண்முகத்தின் அம்மா அந்த மாதமே தறிச் சத்தத்துக்கு நடுவில் செத்துப்போனாள். அந்தச் சாவை அமராவதிதான் பதிவேட்டில் எழுதினாள். சண்முகம் சான்றிதழை அவள் கையிலிருந்து வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனான். டீக்கடையில் அவளுக்கு டீ கொடுப்பார்கள், யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். தூக்கம் போன ஊர் அவளை மன்னிக்கவில்லை. அவளும் மன்னிப்பு எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் குழந்தைவேலு ஜாமீனில் வந்து பழைய கூடத்திலேயே மேஸ்திரியாக இருந்தான். நீதிமன்றம் ஊருக்குள்ளேயே, பழைய சத்திரக் கட்டடத்தில் இருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் அறுபது தறி ஓடுகிற கூடம். சாட்சிகள் கத்திச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த நீதிபதி அதைக் கேட்டு, தன் சொற்களில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிற பெண் அடிப்பாள். அவள் பெயர் கார்த்தியாயினி. அவளும் ஓடக்கரைத் தறிக்காரன் மகள்தான்.

புதன்கிழமை காலை முதலில் அமராவதி கூண்டில் ஏறினாள். நாகமணி சொன்னதைச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் படம் ஓட்டினீர்களா?" என்று கேட்டார்.

"ஓட்டுனேனுங்க."

"அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லை என்று தெரிந்தும்?"

"ஓட்டுனேனுங்க."

"அப்படிப்பட்டவருடைய சாட்சியத்தை எப்படி நம்புவது?" என்று வக்கீல் நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அமராவதி இறங்கி வந்து சுவரோரம் நின்றாள். 

அடுத்தது பேபி. இரண்டு வருஷத்தில் பாதியாக இளைத்திருந்தாள். குழந்தைவேலு நாலடி தூரத்தில் குற்றவாளிக் கூண்டில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றான்.

"சம்பவத்தன்று என்ன கேட்டீர்கள்?" என்றார் அரசு வக்கீல்.

"ஒண்ணுங் கேக்கலீங்க."

"வேறு எதையாவது பார்த்தீர்களா?"

பேபி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். இவள் தேறமாட்டாள் என்று முடிவு செய்து அரசு வக்கீல் காகிதத்தை மடக்கினார். நீதிபதி இறங்கலாம் என்று கையைக் காட்டினார்.

அப்போது மணி பதினொன்று இருபது. தலைக்குமேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறி சுற்றிக்கொண்டே சத்தத்தை விட்டது. வீதிக்கு அந்தப் பக்கம் அறுபது தறியும் அடங்கின. ஊர் முழுக்க அடங்கியது. இரண்டு வருஷம் கழித்து, வியாழக்கிழமை அல்லாத ஒரு நாளில், எங்கேயோ ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் யாரோ ஒரு சுருளை மாட்டிச் சரிபார்க்கிறார்கள் என்பது அந்த நீதிமன்றத்தில் இருந்த ஓடக்கரைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நீதிபதிக்குப் புரியவில்லை. மேசைமேலிருந்த மணியை அடித்தார். அது அவருக்கே கேட்காமல், மணியைத் திருப்பிப் பார்த்தார்.

பேபி நிமிர்ந்தாள். நாகமணியை அவள் கடைசியாகப் பார்த்தது இதே மாதிரியான ஒரு நிசப்தத்தில்தான். அவள் குழந்தைவேலுவையும் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. கூண்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த கார்த்தியாயினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை அசைக்கத் தொடங்கினாள். அமராவதி சுவரோரத்திலிருந்து அதைப் படித்தாள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் படித்தார்கள். பின்வரிசை ஆண்கள் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். குழந்தைவேலு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினான், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, ஒருத்தருக்கும் கேட்கவில்லை, ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவும் இல்லை. கார்த்தியாயினி பேபியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், பத்து விரலாலும் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அவள் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. அதைத் துடைக்கவும் அவள் கையை எடுக்கவில்லை.

ஒரு சுருள்தான் ஓட்டினார்கள் போலும். பத்து நிமிடத்தில் விசிறி கடகடத்தது, தறிகள் வந்து விழுந்தன, குழந்தைவேலுவின் கத்தலின் கடைசிப் பாதி நீதிமன்றத்தில் கேட்டு அறுந்தது.

"இந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்று நீதிபதி கேட்டார். பேபி கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் குடிக்காமல் தட்டச்சு மேசையைக் கையால் காட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, காதால் கேட்காத சாட்சியத்தைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றார். அந்த வாதம் மேல்கோர்ட்டு வரை போய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஏழு மாதம் கழித்துக் குழந்தைவேலுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும், மற்ற பதினோரு பேர் வீட்டிலும் அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை என்பதும், வடக்கே எந்தக் கிழமை எந்த மணிக்குப் படம் போடுவார்களோ என்று அந்தப் பெண்கள் இன்றைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே சோறாக்குகிறார்கள் என்பதும் பிற்பாடு நடந்த கதை. அன்று அந்த நேரத்தில் நீதிபதி தட்டச்சுப் பெண் பக்கம் திரும்பி, "நான் ஒன்றுமே சொல்லாதபோது நீ என்னம்மா அடித்துக்கொண்டிருந்தாய்?" என்றார்.

"அவுங்க சொன்னதுங்க ஐயா."

"படி."

கார்த்தியாயினி எழுந்து நின்றாள். அறுபது தறிக்கு மேலே கேட்கும்படி, பரீட்சைக்கு ஒப்பிக்கிற பிள்ளைபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல், உரக்கப் படித்தாள்:

"மூணேகால் மணி இருக்குமுங்க. நாகமணி ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னயப் பாத்துச் சொல்லுச்சு. பேபியக்கா, ஆரையாச்சும் கூட்டியாங்க, இன்னைக்கு விடமாட்டாரு போலன்னு சொல்லுச்சு. எப்பவும் நடக்கறதுதானேன்னு நெனச்சேனுங்க. எனக்குப் பயமாவும் இருந்துது. நான் போகல. பொறகு அவரு பின்னால இருந்து இழுத்தாரு. கையில தறிக் கட்ட இருந்துது. மறுபடியும் ஒருக்கா ஜன்னலுக்கு வந்துது. ஒரு கண்ணு தொறக்கல. என்னயக் கூப்படல. கதவத் தட்டுங்கன்னும் சொல்லல. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து எம்புள்ள வரும், அவள உள்ள விட்டுறாதீங்கக்கா, நீங்களே வெச்சுக்குங்கன்னு சொல்லுச்சு. செரி புள்ளன்னு சொன்னேனுங்க. அது எம்பட வாயப் படிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க."